பென்சிலில் வரைந்த எக்ஸ்ரே

12 செப்டம்பர் 1993

அன்புள்ள ஊசிக்கு,

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் அப்போதே சொன்னேன். உன் வலது கை ஆள்காட்டி விரலில் கட்டி வரும், அதைச் சுரண்டி எடுப்பார்கள், எடுத்த இடத்திலேயே திரும்ப வரும். மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னவன் நான். யாரிடம் சொன்னேன் என்று குறுக்குக் கேள்வி கேட்காதே. சொன்னது சொன்னதுதான்.

உன் அம்மாவின் கடிதம் நேற்று வந்தது. அக்கா எனக்கு எழுதி இரண்டு வருஷம் இருக்கும். நான் வாயைத் திறந்தாலே புளுகு என்று சொல்லிக் கதவைச் சாத்தியவள், இப்போது தானாக எழுதியிருக்கிறாள் என்றதும் நின்ற இடத்திலேயே உறையைக் கிழித்தேன். ஜனவரியில் எலும்பைக் குடைந்து கட்டியைச் சுரண்டினார்களாம், இடுப்பு எலும்பிலிருந்து கிள்ளி எடுத்து அந்தக் குழியை அடைத்தார்களாம், எட்டு மாதத்தில் அதே இடம் திரும்ப வீங்கிவிட்டதாம், நீ சரியாகச் சாப்பிடுவதில்லையாம். "நீயாவது அவளுக்கு ரெண்டு வரி எழுது, உன் கிறுக்குத்தனத்துக்காவது சிரிப்பா" என்று முடித்திருந்தாள். எழுதிவிட்டேன் பார்.

மருமகளே, நான் யார் என்பதை உன் வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டீர்கள். பெரிய ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் பதினோரு வருஷம் இருந்தவன். ஃபிலிம் கழுவும் வேலை என்று உன் அப்பா கேலி செய்வார். கழுவுகிறவன்தான் எலும்பை முதலில் பார்க்கிறான். டாக்டர் இரண்டாவதாகத்தான் பார்க்கிறார். ஒரு நீதிபதியின் மனைவி ஊக்கை விழுங்கிவிட்டு நெஞ்சு எரிச்சல் என்று வந்தபோது, ஃபிலிம் ஈரம் காய்வதற்குள் "அம்மா, உங்க ஊக்கு ரெண்டாவது விலாவுக்குப் பக்கத்துல இருக்கு" என்று சொன்னது யார்? பெரிய டாக்டரே என்னை அரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உனக்குப் பதினைந்து வயதில், 83-ல், பள்ளிக்கூடத்தில் பந்து பட்டு அந்த விரல் வீங்கியது. அக்கா என்னிடம்தான் அனுப்பினாள். நான்தான் சொல்லி எக்ஸ்ரே எடுக்க வைத்தேன், நான்தான் கழுவினேன். அந்த ஃபிலிமில், விரலின் அடி எலும்பில், சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு நிழல் இருந்தது. எவன் கண்ணுக்கும் படாது. என் கண்ணுக்குப் பட்டது. பெரிய டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இதை எப்படிய்யா பாத்த? தூங்குது, எழுப்பாத" என்றார். நான் விடவில்லை. "பத்து வருஷம் தூங்கும் சார்" என்றேன். எண்ணிப் பார். 83, 93.

ஆகவே பயப்படாதே. எனக்குத் தெரிந்த கட்டிதான். இங்கே குளிர்பதனக் கிடங்கில் நான் பாதுகாப்பு அதிகாரி. எனக்குக் கீழே நாலு பேர். உட்கார நேரமில்லை. ஆனாலும் உனக்காக ஒரு பக்கம் எழுதிவிட்டேன். சாப்பிடு.

உன் மாமா
(அரை டாக்டர்)


25 செப்டம்பர் 1993

மாமா,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் சிரித்தேன், அம்மாவுக்குத் திருப்தி. இரண்டாம் தரம் கோபம் வந்தது. மூன்றாம் தரம் படித்தபோது ஒரு கேள்வி வந்தது.

83-ல் நீங்கள் என்னிடம் சொன்னது வேறு. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. மதிய வேளை. எக்ஸ்ரே எடுத்தவர் சாப்பிடப் போய்விட்டார். இருட்டறைக்கு வெளியே மரப் பெஞ்சில் நான் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு தரம் கதவு திறந்தது. நீங்கள் தலையை மட்டும் நீட்டினீர்கள். உங்களுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு. "ஊசி, உன் எலும்பு வந்துக்கிட்டிருக்கு. வந்து பாக்குறியா?" என்று கேட்டீர்கள். எனக்கு என் எலும்பைப் பார்க்கப் பயம், மாட்டேன் என்றேன். பிறகு வெகு நேரம் உள்ளேயே இருந்தீர்கள். வெளியே வந்தபோது சட்டைக் கையெல்லாம் ஈரம், மருந்து நாற்றம். "பெரிய டாக்டரே பாத்துட்டாரு. ஒண்ணும் இல்ல. துணி சுத்திக்கோ, நாலு நாள்ல சரியாயிடும்" என்றீர்கள்.

ஒன்றும் இல்லையா, பித்தான் அளவு நிழலா? இரண்டில் எது மாமா?

வம்புக்குக் கேட்கவில்லை. கேட்கக் காரணம் இருக்கிறது. கை டாக்டரிடம் போன வாரம் போயிருந்தேன். கெடுதல் இல்லாத கட்டி என்பதில் மாற்றமில்லையாம். சுரண்டி எடுத்ததைக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டார்கள். "உயிருக்கு ஒண்ணும் பண்ணாதும்மா" என்றார். "விரலுக்கு?" என்று கேட்டேன். அவர் மேசையில் இருந்த பேனாவுக்கு மூடி போட்டார்.

இரண்டு வழி சொல்கிறார். திரும்பச் சுரண்டி, புது எலும்பு வைத்து அடைப்பது ஒன்று. விரலையே எடுத்துவிடுவது இன்னொன்று. எட்டு மாதத்தில் திரும்பி வருகிற கட்டி அவசரக்காரக் கட்டி, விரலை எடுப்பதுதான் நல்லது என்று அவருக்குத் தோன்றுகிறது. ஆனால் பல வருஷமாக எலும்புக்குள் சும்மா கிடந்த கட்டி என்று தெரிந்தால், இன்னொரு தரம் சுரண்டிப் பார்க்கலாம் என்கிறார். "பழைய எக்ஸ்ரே ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். சின்ன வயதில் எடுத்தது ஒன்று உண்டு என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பல்செட் செய்யும் இடத்தில் முன்பற்கள் ஆறும் என் பொறுப்பு. மெழுகுக் கத்தியைக் கட்டை விரலும் நடுவிரலும் பிடிக்கும். எவ்வளவு அழுத்தலாம் என்று சொல்வது ஆள்காட்டி விரல். மெழுகு செதுக்கப் பதமாக இருக்கிறதா, இன்னும் ஒரு நொடி விளக்கில் காட்ட வேண்டுமா என்பது அந்த நுனிக்குத்தான் தெரியும், எனக்குக்கூடத் தெரியாது. இப்போது என்னைப் பிளாஸ்டர் கரைத்து அச்சு ஊற்றும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். "கை சரியாகட்டும்மா" என்று முதலாளியம்மா நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். என் ஸ்டூலில் புதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். ஸ்டூலின் உயரத்தையும் மாற்றிக்கொண்டாள்.

அந்த ஃபிலிம் எங்கே இருக்கிறது? இருந்தால் அனுப்புங்கள். இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். ஒரு வரி போதும்.

உங்கள் ஊசி


4 அக்டோபர் 1993

அன்புள்ள ஊசிக்கு,

ஒரு வரி போதும் என்கிறாய். ஒரு வரியில் நிறுத்தத் தெரிந்திருந்தால் நான் வாத்தியாராகப் போயிருப்பேன்.

என் மேல் சந்தேகப்பட்டு எழுதியிருக்கிறாய். பரவாயில்லை. படித்த பிள்ளைகள் சந்தேகப்படத்தான் செய்யும். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் போய் உன் எலும்புக்குள் ஒன்று தூங்குகிறது என்று சொன்னால் அது தூங்குமா? உன் அம்மா தூங்குவாளா? அதனால் ஒன்றும் இல்லை என்றேன். டாக்டர்கள் எல்லோரும் செய்வதுதான். பாதியைச் சொல்லி மீதியை வைத்துக்கொள்வார்கள்.

ஃபிலிம் இல்லை. அதற்கு நான் பொறுப்பல்ல. பழைய ஃபிலிமிலிருந்து வெள்ளி எடுக்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை வந்து மூட்டை மூட்டையாக எடைக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். உன் விரலின் நிழல் இந்நேரம் யாருடைய மோதிரத்திலோ பளபளத்துக்கொண்டிருக்கும்.

ஆனால் ஃபிலிம் போனால் என்ன, என் கண் போகவில்லையே. இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். கிடங்குக்கு வரும் லாரிகளைப் பதிவு செய்யும் தாளின் பின்பக்கம், மன்னித்துக்கொள். நான் பார்த்ததைப் பார்த்தபடி பென்சிலால் வரைந்திருக்கிறேன். விரலின் அடி எலும்பு, மூட்டுக்குக் கீழே நிழல். அதன் ஓரத்தைக் கவனி. முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக, கெட்டியாக ஒரு கோடு சுற்றி வருகிறது பார், அதுதான் வேலி. எலும்பு தானே கட்டிய வேலி. வேலி இருந்தால் உள்ளே இருப்பது மெதுவாக மேய்கிற மாடு. வேலி இல்லை என்றால் அவிழ்த்துவிட்ட மாடு. நிழலுக்குள்ளே இரண்டு மூன்று பொடிப் புள்ளிகளும் இருந்தன, அதையும் வைத்திருக்கிறேன். இதை உன் கை டாக்டரிடம் காட்டு. விஷயம் தெரிந்தவராக இருந்தால் எழுந்து நிற்பார்.

விரலை எடுப்பதா? என்ன பேச்சு இது. அவனவன் பத்து விரலை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் செய்யாமல் இருக்கிறான், வேலை செய்கிற விரலையா எடுப்பார்கள்?

உன் மாமா


21 அக்டோபர் 1993

மாமா,

காட்டினேன். எழுந்து நிற்கவில்லை. முதலில் சிரித்தார். லாரி எண்கள் எழுதிய பக்கத்தைப் பார்த்து, "உங்க மாமா ட்ரான்ஸ்போர்ட்டா?" என்று கேட்டார். பிறகு தாளைத் திருப்பினார். சிரிப்பு நின்றது. வெளிச்சப் பெட்டியில் என் புது ஃபிலிமுக்குப் பக்கத்தில் உங்கள் தாளை மாட்டி வெகு நேரம் பார்த்தார். இந்த ஓரத்தை யாரும் கற்பனையில் வரைய முடியாது, எலும்பு பார்த்துப் பழகிய கை என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

ஆனாலும் அவர் நியாயமான மனிதர். "இந்தப் படத்தை வெச்சு நான் கத்தி எடுக்க முடியாதும்மா. விரலை எடுத்துடலாம்னுதான் நான் சொல்லுவேன். ஆனா பத்து வருஷமா இருந்தது உண்மைன்னா, இன்னொரு தடவை சுரண்டுறது தப்புன்னும் சொல்ல மாட்டேன். கை உன்னோடது. முடிவும் உன்னோடது" என்றார்.

உங்கள் பேச்சில் பாதியைக் கழித்துவிட வேண்டும் என்று அம்மா சொல்வாள். கழித்துவிட்டுத்தான் யோசித்தேன். பித்தான் அளவு என்றால் பாதிப் பித்தான். வேலி என்றால் அரை வேலி. அப்படியும் அது பத்து வருஷம் அங்கே இருந்ததாகத்தான் ஆகிறது. பாதியே எனக்குப் போதுமாக இருந்தது.

சுரண்டச் சொல்லிவிட்டேன். நவம்பர் 3 ஆபரேஷன்.

ஊசி


29 அக்டோபர் 1993

அன்புள்ள ஊசிக்கு,

எலும்பு பார்த்துப் பழகிய கை என்று ஒரு சர்ஜன் வாயால் சொல்லிவிட்டாரா? அந்த வரியைக் கிடங்கில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எடைமேடைக்காரர் இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார். உன் அப்பாவுக்கும் அந்த வரியை உரக்கப் படித்துக் காட்டு.

பந்து ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ரப்பர். கட்டுப் பிரித்த பிறகு அதைக் கைக்குள் வைத்து அழுத்தி அழுத்தி விட வேண்டும். இது நானே கண்டுபிடித்த பயிற்சி, பிறகு எல்லா ஆஸ்பத்திரியும் எடுத்துக்கொண்டது.

ஒன்று கேட்க வேண்டும். உன் டாக்டர் என் படத்தை ஒரு படமாகத்தான் பார்த்தார், இல்லையா? அவரிடம் அவருடைய மெஷின்கள், அவருடைய கண்ணாடித் துண்டுகள் எல்லாம் இருக்கும். அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார். என்னைப் போல ஒரு ஆள் கிறுக்கியதை வைத்து யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். சும்மா கேட்டேன்.

தைரியமாகப் போ.

மாமா


16 நவம்பர் 1993

மாமா,

இடது கை. எழுத்து கோணல்.

இந்தத் தடவை எலும்பு எடுத்தது இடது இடுப்பில். போன தடவை வலது. நடந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வலிக்கிறது.

எல்லாம் சுத்தமாகச் சுரண்டியதாகச் சொன்னார். கட்டுக்கு வெளியே நகம் மட்டும் தெரிகிறது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பந்து வந்தது.

ஊ.

தம்பி, இது நான். அவள் குளிக்கப் போயிருக்கிறாள், அதற்குள் எழுதுகிறேன். உன் கடிதங்களைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். சின்ன வயதிலிருந்து நீ சொன்ன எதையும் நான் நம்பியதில்லை, அதற்காக நீயும் வருத்தப்பட்டதில்லை. இந்த ஒன்றாவது நீ சொன்னபடி இருக்கட்டும். — அக்கா


20 பிப்ரவரி 1994

மாமா,

வலது கை. பாருங்கள், எழுத்து நேராக இருக்கிறது.

விரல் முக்கால்வாசி மடங்குகிறது. ஃபிலிமில் புது எலும்பு ஒட்டிக்கொண்டு வருவது தெரிகிறது என்றார். திங்கட்கிழமையிலிருந்து மெழுகு மேசைக்குத் திரும்பிவிட்டேன். புதுப் பெண் தானாகவே எழுந்து, ஸ்டூலைப் பழைய உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தாள். முதல் செட் ஒரு ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டருக்கு. போட்டுப் பார்த்துவிட்டு விசில் அடித்துக் காட்டினாராம். முதலாளியம்மா வந்து சொன்னார். பல்செட்டோடு விசில் அடிப்பது லேசில்லை மாமா, முன்பற்கள் இம்மி பிசகினாலும் காற்றுதான் வரும்.

அம்மா உங்களைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை பேசினாள். என்ன வார்த்தை என்று சொல்ல மாட்டேன், உங்களைப் பிடிக்க முடியாமல் போய்விடும்.

ஊசி


3 மார்ச் 1994

அன்புள்ள ஊசிக்கு,

நான் சொன்னேனா இல்லையா?

இனி என்னைப் பிடிக்க முடியாதுதான். இங்கே கிடங்கு வாசலில் எனக்கு ஒரு தனி ஆஸ்பத்திரியே நடக்கிறது. லாரி டிரைவர்கள் இறங்கியதும் சீட்டை நீட்டுவதற்கு முன் கையை நீட்டுகிறார்கள். ஒருவருக்குக் கட்டை விரலில் புடைப்பு. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "வேலி இருக்கு, பயமில்ல" என்றேன். எக்ஸ்ரே இல்லாமலே சொல்கிற நிலைக்கு வந்துவிட்டேன். இன்னொருவருக்கு நடுவிரல், நேற்று வந்தார். அவருக்கும் அதையே சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை.

அக்கா என்ன சொன்னாள்? ஒரு வார்த்தைதானே, எழுதினால் என்ன?

உன் மாமா
(இனி முழு டாக்டர்)


18 ஜூன் 1994

மாமா,

திரும்ப வந்துவிட்டது.

மார்ச் மாதக் கடிதத்துக்குப் பதில் போடாததற்குக் காரணம், ஏப்ரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு செட் திரும்பி வந்தது, கோரைப் பல் சாய்ந்திருக்கிறது என்று. எனக்கு எந்தச் செட்டும் திரும்பி வந்ததில்லை. பிறகுதான் கவனித்தேன், வலிக்காமல் இருக்க நான் வேறு மாதிரி அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். கை எனக்கு முன்னால் தெரிந்துகொண்டு மறைத்திருக்கிறது. இரண்டு மாதம் நானும் மறைத்தேன். அம்மாவிடம் மேசை மூலையில் இடித்துக்கொண்டதாகச் சொன்னேன்.

ஃபிலிமை எனக்கே காட்டினார். நீங்கள் சொன்ன வேலி எங்குமே இல்லை. மூட்டைத் தாண்டி உள்ளங்கை எலும்புக்குள் இறங்கியிருக்கிறது. எலும்பு வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, ஒரு பக்கம் நடுவிரலின் எலும்பைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. இப்போதும் கெடுதல் இல்லாத கட்டிதானாம். மூன்றாவது தரம் அதைச் சொல்லும்போது அவராலேயே என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் சொல்வது இது. ஆள்காட்டி விரலை உள்ளங்கை எலும்போடு சேர்த்து இப்போதே எடுத்துவிட்டால் நடுவிரல் தப்பிக்கும். "நடுவிரல் ஆறு மாசத்துல ஆள்காட்டியோட வேலையைக் கத்துக்கும்மா, நிறைய பேருக்குக் கத்துக்கிட்டிருக்கு" என்கிறார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொரு தரம் சுரண்டச் சொல்கிறேன். சுரண்டி, மருந்து தடவி, சிமென்ட் மாதிரி ஒன்றை வைத்து அடைக்கலாமாம். அது பலிக்கவில்லை என்றால் அடுத்த முறை இரண்டு விரல் போகும். இரண்டும் போனால் கட்டை விரலுக்குப் பக்கத்தில் மெழுகுக் கத்தி நிற்க எதுவும் இல்லை.

அம்மா விரலை எடுக்கச் சொல்கிறாள். அப்பா வாசலில் போய் நின்றுகொள்கிறார். முதலாளியம்மா பிளாஸ்டர் மேசை எப்போதும் எனக்கு உண்டு என்கிறார். எல்லோரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். அன்பாக இருப்பதைத் தவிர யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று. பத்து வருஷம் தூங்கிய கட்டி இது. நடுவில் எதற்கோ விழித்துக்கொண்டது. திரும்பத் தூங்கும். டாக்டரிடமும் அதைத்தான் சொன்னேன். அவர் கேட்டார், "பத்து வருஷமா நிஜமாவே இருந்துச்சாம்மா? யாராவது கண்ணால பாத்தாங்களா?" என்று. "எங்க மாமா பாத்தாரு" என்றேன்.

ஜூலை 4-ஆம் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும். 11-ஆம் தேதி ஆபரேஷன். நீங்கள் எனக்கு எழுதியதிலேயே பாதியைக் கழிக்காமல் நான் படிக்கப்போவது இனி வரும் கடிதத்தைத்தான். நிழல் இருந்ததா? ஓரம் கெட்டியாக இருந்ததா? நீங்கள் எழுதுகிறபடி செய்கிறேன்.

ஊசி


27 ஜூன் 1994

ஊசிக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. நேரில் வந்து சொல்லிவிடலாம் என்று பஸ் நிலையத்துக்குப் போனேன். டிக்கெட்டும் எடுத்தேன். பஸ் போய்விட்டது. நான் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் போனேன். மறுநாளும் அப்படித்தான்.

இந்தக் கடிதத்தை உன் டாக்டரிடம் காட்டு. அம்மாவிடமும் காட்டு. உரக்கப் படித்தாலும் பரவாயில்லை.

முதலில் சின்ன விஷயங்கள். நான் பாதுகாப்பு அதிகாரி இல்லை. லாரி வந்தால் தடுப்புக் கட்டையைத் தூக்குகிறேன், போனால் இறக்குகிறேன். எனக்குக் கீழே யாரும் இல்லை. ரப்பர் பந்துப் பயிற்சியை நான் கண்டுபிடிக்கவில்லை. நீதிபதி மனைவியின் ஊக்கு மட்டும் நிஜம். அதை எதற்குச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒன்றாவது நிஜம் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

நடுவிரலைக் காட்டிய ஒரு டிரைவரைப் பற்றி மார்ச்சில் எழுதினேனே, அவர் போன வாரம் வந்தார். நான் சொன்னதை நம்பி எக்ஸ்ரே எடுக்கவில்லையாம். சந்தோஷமாக இருந்தார். தடுப்புக் கட்டையைத் தூக்காமல், "முதல்ல போய் எக்ஸ்ரே எடுத்துட்டு வா, இல்லன்னா லாரி உள்ள போகாது" என்று கத்தினேன். எனக்குப் பைத்தியம் என்று மேனேஜரிடம் புகார் போயிருக்கிறது. போகட்டும். உன் கடிதம் அன்றைக்கு என் சட்டைப்பையில் இருந்தது.

அந்தப் படம் உன் விரல் இல்லை. சோடா கம்பெனியில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் விரல். படிக்க வரும் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக அந்த ஃபிலிமைப் பல வருஷம் எக்ஸ்ரே அறைச் சுவரிலேயே மாட்டி வைத்திருந்தார்கள். தினம் அதைப் பார்த்துக்கொண்டேதான் டீ குடிப்பேன். அதன் ஓரமும் உள்ளே இருக்கிற புள்ளிகளும் கண்ணை மூடினாலும் வரும். அந்தப் பெண்ணுக்குச் சுரண்டியதும் சரியாகிவிட்டது, திரும்ப வரவே இல்லை. உனக்கும் அப்படி ஆகட்டும் என்றுதான் வரைந்தேன். இது சமாதானம் இல்லை. வரையும்போது அப்படித்தான் நினைத்தேன்.

முதல் கடிதத்தில் முன்பே சொன்னேன் என்று எழுதியது வாய்ப் பழக்கம். எது நடந்தாலும் நான் முன்பே சொன்னேன் என்பேன், எல்லோரும் சிரிப்பார்கள், அதோடு போகும். படத்தை டாக்டரிடம் காட்டு என்று நானேதான் எழுதினேன், ஆனால் அதை வைத்து நீ முடிவெடுப்பாய் என்று நினைக்கவில்லை. சுரண்டச் சொல்லிவிட்டேன் என்று நீ எழுதியபோது நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அவர் என் கையைப் பாராட்டியதாக எழுதியிருந்தாய். என் வாழ்நாளில் ஒரு டாக்டர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அரை டாக்டர் என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லை. நானே கூப்பிட்டுக்கொண்டேன்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்குத் தெரியாது. என் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்து நீ கேட்டிருக்க மாட்டாய். போன அக்டோபரிலேயே விரலை எடுத்திருந்தால் உள்ளங்கை எலும்பு தப்பியிருக்குமா, அதுவும் எனக்குத் தெரியாது. உன் டாக்டரைக் கேள். அவர் தப்பியிருக்கும் என்று சொன்னால் எனக்கு எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

அன்றைக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன். எக்ஸ்ரே எடுத்தவர் சாப்பிடப் போய்விட்டார். பெரிய டாக்டர் அன்று ஊரிலேயே இல்லை. நான் ஃபிலிமை மருந்துத் தொட்டியில் இறக்கினேன். எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக வரும், அது ஒரு அழகு. விரலின் வெளிக்கோடு வர ஆரம்பித்தது, அவ்வளவுதான். என் அக்கா பிள்ளை வெளியே உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்குக் காட்டி அசத்த வேண்டும் என்று தோன்றியது. கதவைத் திறந்தேன். கழுவி முடியும் முன் அந்தக் கதவைத் திறக்கக் கூடாது, வெளிச்சம் பட்டால் ஃபிலிம் பாழ் என்பதுதான் அந்த வேலையில் முதல் பாடம். நீ சிவப்பு விளக்கைப் பார்த்ததாக எழுதியிருந்தாயே, அதே நேரத்தில் உன் பக்கத்து வெளிச்சம் முழுவதும் உள்ளே வந்துவிட்டது. இன்னொரு ஃபிலிம் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள், வேலை போய்விடும் என்று பயம். வெகு நேரம் உள்ளே நின்று அதைத் தண்ணீரில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன், தேய்த்தால் வந்துவிடும் போல. பிறகு வெளியே வந்து ஒன்றும் இல்லை என்றேன்.

நிழல் இருந்ததா என்று கேட்டிருந்தாய். ஓரம் கெட்டியாக இருந்ததா என்று கேட்டிருந்தாய்.

ஃபிலிம் முழுக்கக் கறுப்பு, ஊசி. உன் விரல் அதில் இல்லவே இல்லை.

மாமா